"ஆள் சரியில்லை" என்று முடிவு கட்டும் முன்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

கடலூர் சிப்காட்டில் உள்ள வேதிப்பொருள் ஆலையானாலும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிற்கூடமானாலும், லாரன்ஸ் ரோட்டுத் துணிக்கடையானாலும், புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் உள்ள பட்டறையானாலும், ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "ஆள் சரியில்லை." புகார் ஒன்று, அதன் பின்னால் உள்ள காரணங்கள் பல. காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் நாம் இரண்டாம் முறை போகமாட்டோம். ஆனால் வேலையில் குறை கண்டால் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்வது, மெமோ கொடுப்பது, சம்பளத்தில் பிடிப்பது என்ற மூன்றோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். இந்த மூன்றும் சில காரணங்களுக்குப் பயனற்றவை, சிலவற்றுக்குத் தீங்கானவை.

மேற்பார்வையாளர், ஷிப்டு பொறுப்பாளர், கடை உரிமையாளர், துறைத் தலைவர் என எந்தப் பெயரில் இருந்தாலும், பிறருடைய வேலைக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் இடத்தில் காணப்படும் அறிகுறி எதுவோ அதற்குரிய பகுதிக்கு நேரே செல்லலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் அனைவரும் படித்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: அறிகுறியை எழுதிப் பாருங்கள்

"பொறுப்பில்லை", "அக்கறை இல்லை", "சோம்பேறி" ஆகியவை தீர்ப்புகள். கண்ணால் பார்த்ததும் ஏட்டில் பதிவானதுமே அறிகுறி. "இரவு ஷிப்டில் கவனம் இல்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக, "சென்ற பதினைந்து நாட்களில் லாக் புக்கில் எழுதப்பட்ட வெப்பநிலை அளவுகளில் நான்கு, கணினிப் பதிவோடு ஒத்துப்போகவில்லை; நான்கும் அதிகாலை இரண்டு மணிக்குப் பின் எழுதப்பட்டவை" என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு சண்டைதான் போட முடியும். இரண்டாவதை வைத்துக்கொண்டு காரணத்தைத் தேட முடியும்.

எழுதியபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எப்போதிலிருந்து நடக்கிறது? இவரிடம் மட்டுமா, இதே வேலையைச் செய்யும் மற்றவர்களிடமும் உண்டா? எந்நேரமும் நடக்கிறதா, குறிப்பிட்ட இயந்திரம், நேரம், நாள், சரக்கு ஆகியவற்றில் மட்டுமா? முதல் கேள்வியின் விடை, ஆள் மாறினாரா அல்லது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்பதைக் காட்டும். இரண்டாவதன் விடை, குறை ஆளிடமா ஏற்பாட்டிலா என்பதைக் காட்டும். மூன்றாவதன் விடை, பெரும்பாலும் காரணம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். இந்த மூன்றுக்கும் விடை தெரியாத நிலையில் ஊழியரை அழைத்துப் பேச வேண்டாம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அறிகுறி: நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் தளர்ந்துவிட்டார்

எல்லா அறிகுறிகளிலும் மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டியது இதுவே. பல ஆண்டுகள் குறையில்லாமல் உழைத்தவருக்குத் திறமை ஒரே மாதத்தில் போய்விடாது. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியது வேலையிடத்திலா, உடலிலா, வீட்டிலா என்று வரிசையாகப் பாருங்கள்.

வேலையிடத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அது உங்கள் கையில் இருப்பதுதான். புதிய இயந்திரம் வந்ததா? உடன் வேலை செய்த துணை ஆள் விலகி, அவருடைய வேலையும் இவர் தலையில் விழுந்ததா? புதிய மேற்பார்வையாளர் வந்தாரா? மூலப்பொருள் வாங்கும் இடம் மாறியதா? ஷிப்டு சுழற்சி மாறியதா? இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வேலை செய்துவிட்டு, ஓட்டு வீட்டின் ஒரே அறையில் பகல் வெயிலில் தூங்க முயலும் ஒருவர், தொடர்ந்து இரண்டு வாரம் இரவு ஷிப்டு பார்த்தால் அவருடைய கவனம் குறையத்தான் செய்யும்.

அடுத்தது உடல். மேலே சொன்ன லாக் புக் எடுத்துக்காட்டையே தொடர்வோம். இருபது ஆண்டு அனுபவமுள்ள, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆபரேட்டரை, அவரைவிட இளையவரான ஷிப்டு பொறுப்பாளர் தனி அறைக்கு அழைக்கிறார். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, உட்காருங்க. ரெண்டு வாரத்து லாக் புக்க எடுத்து வெச்சிருக்கேன். இந்த நாலு இடத்தப் பாருங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு, நீங்க எழுதினது ஒண்ணு இருக்கு. உங்க கையெழுத்துல இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்ல. என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

இதைச் சொன்னபின் பொறுப்பாளர் வாயைத் திறக்கக்கூடாது. கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்கான விடையையும் தாமே சொல்லி முடிப்பது மேலதிகாரிகளிடம் மிகுதியாகக் காணப்படும் பழக்கம். அரை நிமிட அமைதி நீண்ட நேரமாகத் தோன்றும், தோன்றட்டும்.

"ராத்திரியில அந்த முள்ளு எங்க நிக்குதுன்னு சரியாத் தெரிய மாட்டேங்குது மேடம். கிட்டப் போய்ப் பார்த்தா இன்னும் மங்கலாப் போயிடுது. சொன்னா வேலையில இருந்து எடுத்துடுவாங்களோன்னுதான்..."

நாற்பது வயதைக் கடந்தால் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த மங்கல் மேலும் கூடும். இங்கே மெமோ கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் தம் பார்வைக் குறையை இன்னும் ஆழமாக மறைத்திருப்பார். அளவை ஊகித்து எழுதும் பழக்கம் தொடர்ந்திருக்கும். வேதிப்பொருள் ஆலையில் தவறான வெப்பநிலைக் குறிப்பு எதில் கொண்டுபோய் விடும் என்பதைச் சிப்காட்டை ஒட்டியுள்ள குடிகாடு, பச்சையாங்குப்பம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஒரு பரிசோதனை, ஒரு கண்ணாடி, அதற்குப் பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடி, அந்த அளவுமானிக்கு மேலே ஒரு விளக்கு ஆகியவற்றோடு முடிய வேண்டிய விஷயம் இது. விளக்கு அனைவருக்கும் பயன்படும் என்பதால் அதை முதலில் போடுங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்ற ஊழியர் நோயுற்றால், உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்குமானால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். இது தெரியாமல், சம்பளம் போய்விடுமே என்ற அச்சத்தில் காய்ச்சலோடும் முதுகுவலியோடும் வேலைக்கு வந்து அரைகுறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகையால் என்ன உரிமை கிடைக்கிறது என்பதை ஊழியருக்குச் சொல்லித் தருவது மேலாளரின் வேலைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

வீட்டுக் காரணங்களில் துருவிக் கேட்காதீர்கள். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று நேரடியாகக் கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்ற பதிலே வரும். "வேலையில நான் எதையாவது மாத்தினா உங்களுக்கு உதவியா இருக்குமா?" என்று கேட்டால், சொல்ல விரும்புகிறவர் சொல்வார், விரும்பாதவரின் மதிப்பும் காக்கப்படும். குழுக் கடன் தவணை நெருக்குகிறது என்று தெரியவந்தால் உங்கள் சட்டைப்பையிலிருந்து பணம் கொடுக்காதீர்கள். கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்தவராகவே தெரிவீர்கள். வேலையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் அந்தக் கடன் நடுவில் நிற்கும். அலுவலகம் வழியாக முன்பணம் கொடுத்து, மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் அந்த நேரத்தில் விசாரணை வேண்டாம். இயந்திரத்திலிருந்தும் வண்டியிலிருந்தும் உடனே விலக்கி, துணைக்கு ஆள் சேர்த்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். பணியிடத்தில் குடிபோதையை ஏற்க முடியாது என்பதையும், சிகிச்சைக்கு வழி உண்டு என்பதையும் ஒரே அமர்வில் சொல்லுங்கள். ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சிகிச்சைக்குச் செல்ல விடுப்பு தரத் தயாராக இருங்கள். மீண்டும் குடித்துவிட்டு வந்தால் என்ன நடவடிக்கை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: சேர்ந்து மூன்று மாதமாகியும் வேலை பிடிபடவில்லை

"எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேங்குது" என்று மேற்பார்வையாளர் சொன்னால், எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் பழக்குவது என்றால் புதியவரைப் பழைய ஆளோடு நிற்க வைப்பதுதான். பழையவருக்குத் தம் வேலையே பெரிது. கை பழகியதால் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அனுபவமில்லாதவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு விரைவாகப் பழக்க அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது. அதில் நான்கு படிகள். முதலில், புதியவரின் பதற்றத்தைத் தணித்து அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது. அடுத்து, வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டி, ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய இடத்தையும் அதன் காரணத்தையும் சொல்வது. மூன்றாவதாக, அவரையே செய்யவைத்து, செய்யும்போதே வாயால் விளக்கச் சொல்வது. கடைசியாக, தனியே விட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டி, அவ்வப்போது வந்து பார்ப்பது. கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அந்த முறையின் அடிப்படைக் கொள்கை.

மூன்றாவது படியே நம்மிடத்தில் பெரும்பாலும் விடுபடுகிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் உள்ள இடங்களில் இந்தக் கேள்விக்கு எந்தப் பொருளும் கிடையாது; தலையாட்டல் மரியாதைக்காக வருவது. "இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க" என்று கேட்டுவிட்டு, கையைப் பாருங்கள். அபாயம் உள்ள வேலைகளுக்கான அறிவிப்புகள் அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

முறையாகக் கற்பித்து, போதிய பயிற்சியும் கொடுத்து, அதன் பிறகும் முடியவில்லை என்றால் அந்த வேலை அவருக்குப் பொருந்தவில்லை. நுண்ணிய கைவேலையில் தடுமாறுகிறவர் கிடங்குக் கணக்கில் சிறப்பாக இருக்கலாம். சோதனைக் காலம் முடிவதற்குள் இந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போடுவது இருவருக்கும் நல்லதல்ல.

அறிகுறி: தாமதமாக வருகிறார், அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்

வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு, தாமதமான நாட்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்கள் ஓர் ஒழுங்கில் விழுந்தால் காரணம் வெளியே இருக்கிறது. காலை ஷிப்டில் மட்டும் என்றால் பேருந்தைப் பாருங்கள். கடலூர்–புதுச்சேரி சாலையில் இருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தவருக்கு முதல் பேருந்து தவறினால் ஷிப்டும் தவறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் என்றால் வடகிழக்குப் பருவமழையைப் பாருங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் பெருகும் நாட்களில் தாழ்வான பகுதியில் வீடு உள்ளவரால் எப்படி வர முடியும்? 2015ஆம் ஆண்டு வெள்ளத்தை நேரில் கண்ட மாவட்டத்தில், மழைநாள் வருகைக்கெனத் தனி ஏற்பாடு வைத்திருப்பது ஒவ்வொரு நிர்வாகத்தின் கடமை. வட்டங்கள் திங்கட்கிழமைகளிலும் சம்பள நாளுக்கு மறுநாளும் விழுந்தால், முன்பே சொன்ன மதுவைப் பற்றிய பேச்சை நடத்த வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி நேரத்தோடு முட்டுகிறது என்றால், அரை மணி நேரம் தள்ளி வரச் செய்து மாலையில் ஈடுகட்டவைப்பதால் நிறுவனத்துக்கு இழப்பில்லை.

ஒழுங்கே இல்லாமல் வட்டங்கள் சிதறிக் கிடந்தால் அது பழக்கம். அப்போது பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: இத்தனை நாள், இத்தனை நிமிடம், நீங்கள் வரும்வரை முந்தைய ஷிப்டில் இருந்தவர் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றார். கடைசியில் சொன்னதே மனத்தில் தைக்கும்.

சம்பளப் பிடித்தம் பற்றிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வராத நேரத்துக்கு, அந்த நேரத்துக்கு உரிய அளவுக்கே ஊதியத்தைப் பிடிக்கலாம். அபராதம் விதிப்பதானால், எந்தச் செயல்களுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். விளக்கம் தர வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஓர் ஊதியக் காலத்தில் மொத்த அபராதம் அந்த ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்த வரம்பு 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. "மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் சம்பளம் போச்சு" என்று பல கடைகளில் வழங்கும் விதியை இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வேகம் இருக்கிறது, தரம் இல்லை

பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தொழிலை எடுத்துக்கொள்வோம். முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. முழுப் பருப்பிலும் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கிறது என்பதை வைத்தே டபிள்யூ-240, டபிள்யூ-320 என்று தரம் பிரிக்கிறார்கள். உடைசல் கூடினால் முதலாளியின் பார்வை உடனே தோல் உரிக்கும் பெண்களின் கைகள் மேல் விழுகிறது. ஆனால் அந்தப் பருப்பு அவர்கள் கைக்கு வருவதற்கு முன் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறது என்று பாருங்கள். கொட்டையை அவிக்கும்போது பதம் தவறினால் ஓடு உடைக்கையிலேயே பருப்பு பிளக்கும். உலர்த்தும் சூடு அளவுக்கு மீறினால் பருப்பு நொறுங்கும் தன்மையை அடையும். போதாமற் போனால் தோல் ஒட்டிக்கொண்டு, கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். சுரண்டினால் பருப்பில் கீறல் விழும். மூன்றிலும் குற்றம் உரிப்பவருடையதன்று. ஒரே பெண் ஒரு நாள் சரக்கில் நிறைய உடைத்து மறுநாள் சரக்கில் குறைவாக உடைத்தால், அவிப்பையும் உலர்த்தலையும் சோதித்தாக வேண்டும்.

எல்லா நாளும் ஒருவரிடம் மட்டும் உடைசல் கூடுதலாக இருந்தால்தான் கையைப் பார்க்க வேண்டும். அப்போதும் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். எத்தனை கிலோ உரித்தார் என்பதற்கு மட்டுமே கூலி என்றால், வேகமாக உரி என்று பணம் சொல்கிறது, உடைக்காமல் உரி என்று நீங்கள் சொல்கிறீர்கள். பணம் சொல்வதையே கை கேட்கும். முழுப் பருப்புக்குச் சற்றுக் கூடுதலான கூலி வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் மாறாதவரிடம் பழக்கம் சார்ந்த பயிற்சி தேவை.

இதே சிக்கல் அலுவலகத்திலும் உண்டு. ஒரு நாளில் எத்தனை வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை முடித்தார் என்று மட்டும் எண்ணினால், குறை தீராமலேயே அழைப்பு முடியும்.

அறிகுறி: சொன்னதை மட்டும் செய்கிறார், மனம் ஒட்டவில்லை

பழைய ஏட்டைப் புரட்டுங்கள். அவர் கடைசியாக ஒரு யோசனை சொன்னது எப்போது, அதற்கு என்ன பதில் கிடைத்தது? தாமாக முன்வந்து செய்த காரியம் தவறிப்போனபோது யார் முன்னிலையில் எவ்வாறு கண்டிக்கப்பட்டார்? தமக்குப் பின் வந்தவருக்கு ஏன் பதவி உயர்வு போனது என்பதை யாராவது அவரிடம் சொன்னார்களா? இத்தகைய விலகலுக்குப் பாராட்டுச் சொற்கள் மருந்தாகா. நடந்தது அநியாயம் என்றால் அதை ஒப்புக்கொண்டு, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அநியாயமில்லை என்றால் முடிவின் காரணத்தையாவது விளக்குங்கள்.

அறிகுறி: வேலையில் கெட்டிக்காரர், உடன் இருப்பவர்களை நோகடிக்கிறார்

பட்டறையின் மிகச் சிறந்த ஃபிட்டர், உதவியாளர்களைப் பெயர் சொல்லாமல் வசைச் சொல்லால் அழைக்கிறார். யாரும் அவரிடம் நிலைப்பதில்லை. "அவர் இல்லாவிட்டால் மெஷின் ஓடாது" என்று விட்டுவிடுவது உரிமையாளர்களின் வழக்கம். அவரால் விலகிப்போன இளைஞர்களைக் கணக்கில் சேர்த்தால் அவருடைய திறமையின் விலை புரியும். அவரிடம் பேசும்போது வேலைத் திறமையைப் புகழ்ந்து தொடங்கி நடத்தையைக் கண்டித்து முடிக்காதீர்கள். புகழ்ச்சி மட்டுமே அவர் காதில் விழும். நடத்தையை மட்டும் பேசுங்கள்: எந்த நாள், யாரிடம், என்ன சொல், அதன் பின் என்ன நடந்தது.

ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். புகார் பெண்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டது பற்றியதாக இருந்தால், அது இந்த வழிமுறைக்குள் வராது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை அங்கே கொண்டுசெல்ல அந்தப் பெண்ணுக்கு உதவுங்கள். நீங்களே இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேச வேண்டாம்.

அறிகுறி: ஒருவரல்ல, குழு முழுவதும் தளர்கிறது

தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு "எல்லோரிடமும் உண்டு" என்ற விடை வந்திருந்தால், ஆட்களைப் பற்றிய பேச்சை நிறுத்திவிடுங்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானில் தொழிற்சாலைத் தரம் உயரத் துணைநின்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், குறைகளில் மிகப் பெரும்பகுதி வேலை அமைப்பைச் சார்ந்தவை என்றும் அதைத் திருத்தும் பொறுப்பு நிர்வாகத்தையே சேரும் என்றும் வலியுறுத்தி வந்தார். என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

துணிக்கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் விற்பனையாளர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்ற புகார் வந்தால், காலை முதல் அவர்கள் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. இருக்கை போட்டிருக்கிறோம் என்று சொல்லும் கடைகளில், அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். புதுச்சேரியில் வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் குவியும் உணவகங்களில், சனி, ஞாயிறு மட்டும் பரிமாறலில் குளறுபடி கூடுகிறது என்றால் அந்த இரு நாட்களுக்கு ஆட்கள் போதவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு அறிவுரை சொல்வதால் தட்டுகள் வேகமாக வந்துசேர மாட்டா.

ஓவர்டைமையும் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து நிற்பவர்களின் கடைசி நான்கு மணி நேரத்தில் தவறுகள் குவிகின்றனவா என்பதை உங்கள் ஏடே காட்டும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்தே இங்கே வந்தது. அப்படிப் பெற்ற உரிமையைக் கைவிட்டுவிட்டு, களைத்த கைகள் செய்யும் பிழைக்கு அந்தக் கைகளையே குறை சொல்வது முறையாகாது.

எந்த அறிகுறியானாலும்: பேச்சை நடத்தும் விதம்

தனியாகப் பேசுங்கள், நிற்கவைத்துப் பேசாதீர்கள். வயதில் மூத்தவரை எப்போதும் எப்படி அழைப்பீர்களோ, அன்றும் அப்படியே அழையுங்கள். "அண்ணே" என்று அழைத்து வந்தவரை அன்று மட்டும் "மிஸ்டர்" என்றால், பேச்சு தொடங்கும் முன்பே அவர் கதவை அடைத்துக்கொள்வார். நடந்ததைச் சொல்லுங்கள், அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று சொல்லுங்கள், பின்பு கேளுங்கள். முடிவில் இரண்டே விஷயங்கள் தாளில் இருக்க வேண்டும்: அவர் என்ன செய்வார், நீங்கள் என்ன செய்வீர்கள். இரண்டாவது காலியாக இருந்தால் அந்தத் தாளுக்கும் மெமோவுக்கும் வேறுபாடு இல்லை.

மறுபடி பார்க்கும் நாளை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பெரும்பாலும் போதும். அந்த நாளைத் தவறவிடக்கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஊழியர் திருத்திக்கொண்டிருக்கும்போது யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், அந்தத் திருத்தத்துக்கு மதிப்பில்லை என்று அவர் புரிந்துகொள்கிறார். முன்னேற்றம் இருந்தால் எது முன்னேறியது என்று பெயர் சொல்லிக் கூறுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

காரணத்தைத் தேடி, ஏற்பாட்டைத் திருத்தி, பயிற்சி தந்து, கால அவகாசமும் கொடுத்தபின் மாற்றமில்லை என்றால் முறையான நடவடிக்கைக்குப் போகலாம். திறமைக் குறைவும் ஒழுங்கீனமும் வேறு வேறு என்பதை இங்கே மறக்கக்கூடாது. முடியாதவருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது அநீதி. செய்ய மறுப்பவரைப் பயிற்சிக்கு அனுப்புவது வீண். முதலாமவருக்கு வேறு வேலை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாமவருக்குக் குற்றச்சாட்டை நாள், நேரம், நிகழ்வோடு எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விளக்கம் நிறைவளிக்காவிட்டால் பாரபட்சமில்லாத ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்துங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, தொழிலாளியை இடைநீக்கம் செய்து நடத்தும் விசாரணையைச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அந்த 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், தொழிலாளியின் நடத்தையால் அல்லாமல் தாமதம் நீடித்தால் அதன் பின் 75 விழுக்காடும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். கடைகளைப் பொறுத்தவரை, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமின்றி நீக்கக்கூடாது என்கிறது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்றும் சொல்கிறது. விசாரணையில் சான்றுகளோடு நிறுவப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் இந்த முன்னறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு. புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால், எல்லையின் இருபுறமும் கிளை வைத்திருப்பவர்கள் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலகல் முடிவாகிவிட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவை ஊதியத்தைக் கொடுத்துவிடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின் விதியும் அதுவே. பி.எஃப் கணக்கில் விலகிய நாளைப் பதிவு செய்யுங்கள். அது விடுபட்டால் தம் பணத்தை எடுக்க அவர் அலைய நேரிடும். பணிச்சான்றிதழைக் கேட்காமலே தாருங்கள். எஞ்சியிருக்கும் குழுவிடம், அவர் விலகிவிட்டார் என்பதையும், அவருடைய வேலையை இனி யார் பார்ப்பார் என்பதையும் மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டாம்.